கணினி அனுப்பும் பளை உறவுகளுக்கு



பிரான்ஸ், யேர்மனி, சுவிஸ், நோர்வே, பிரித்தானியா, கனடா என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, ஊர்ச் சங்கங்கள் மூலமும் பழைய மாணவர் சங்கங்கள் மூலமும் தனியாகவும் எங்கள் பச்சிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நான் இங்கே பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவன். நீங்கள் கப்பலில் போட்டு விடும் பொதியைப் பிரித்து, தூசி துடைத்து, மேசையில் வைத்து, ஆளியைப் போடுகிறவன். நன்றி சொல்லிக் கடிதங்கள் வந்திருக்கும், இனியும் வரும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் அனுப்பிய கணினிகளில் ஒரு பகுதி, நல்ல நிலையிலேயே, ஒரு பிள்ளையின் கையும் படாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. அவை பழுதாகிவிடவில்லை. எங்களால் உள்ளே போக முடியவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்று உங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து காட்ட விரும்புகிறேன். ஏனென்றால் அங்கே பொதி கட்டும்போது இதை நீங்கள் பார்ப்பதில்லை.

ஆளியைப் போட்டவுடன் படங்களும் சின்னங்களும் உள்ள திரை வருவதில்லை. கறுப்புத் திரை வருகிறது. மேலே ஒரு வரி: இயந்திரத்துக்கு யாரோ வைத்த பெயர், அதன் பக்கத்தில் 'லொகின்', ஒரு முக்காற்புள்ளி, மின்னிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. பயனர் பெயரை அடித்து என்டர் அழுத்தினால், யேர்மன்காரர் பாவித்த கணினி என்றால் 'பாஸ்வோர்ட்' என்று யேர்மன் எழுத்துக்கூட்டலில் கேட்கும். பிரான்ஸிலிருந்து வந்தது என்றால் 'மோ து பாஸ்' என்று கேட்கும். தரம் 10 பிள்ளை ஒருத்தி அந்த வரிக்கு முன்னால் இருக்கிறாள். தாளில் நான் எழுதிக்கொடுத்த கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கிறாள். திரையில் எதுவும் விழவில்லை. கைத்தொலைபேசியில் கடவுச்சொல் அடித்தால் புள்ளி புள்ளியாகவாவது வரும். இங்கே அதுவும் இல்லை. விசை வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துகிறாள். அதே எழுத்து இரண்டு தரம் விழுந்துவிடுகிறது. பிழை என்கிறது கணினி. திரும்பவும் மெதுவாகத் தொடங்குகிறாள். மெதுவாக அடித்தால் 60 விநாடி முடிந்துவிடுகிறது. நேரம் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, எல்லாம் மறுபடி முதலாவது வரிக்கே போய்விடுகிறது. மணி அடிக்கிறது. பாடவேளை முடிந்தது.

எழும்பிப் போகும்போது அந்தப் பிள்ளை சொல்லும் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "சேர், எனக்குக் கொம்பியூட்டர் சரிவராது."

உறவுகளே, அந்த வசனத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவள் ஒரு பிழையும் விடவில்லை. அவள் கையில் இருக்கும் விசைப்பலகை ஒரு நாட்டுடையது. கணினி நம்பிக்கொண்டிருக்கும் விசைப்பலகை இன்னொரு நாட்டுடையது. இதை அவளுக்குச் சொல்வதற்கு ஒரு துண்டுத் தாளும் பொதிக்குள் இருக்கவில்லை. மருந்தை அனுப்பிவிட்டு எத்தனை வேளை குடிப்பது என்று எழுதாமல் விட்டது போல ஆகிவிட்டது.

கணினிக்கு விசையில் அச்சடித்திருக்கும் எழுத்து தெரியாது. மேலிருந்து எத்தனையாவது வரிசை, இடமிருந்து எத்தனையாவது விசை என்பது மட்டும்தான் அதற்குப் போகும். அந்த இடத்துக்கு என்ன எழுத்து என்பதை உள்ளே இருக்கும் ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. இலங்கையில் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு விசைப்பலகைகள். பிரெஞ்சு அமைப்பில் ஏ இருக்கும் இடத்தில் கியூவும், இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூவும் எங்கள் விசைப்பலகையில் இருக்கும். பிரெஞ்சில் எம் கீழ் வரிசையை விட்டு எல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். இலக்கங்கள் வரவேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்தவேண்டும். யேர்மன் அமைப்பில் வையும் இசட்டும் இடம் மாறும். மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழியைப் போட வலப்பக்க ஓல்ட்டுடன் கியூவை அழுத்தவேண்டும். பிரித்தானியாவிலிருந்து வருவது பார்வைக்கு எங்களுடையது போலவே இருக்கும்; அதனாலேயே அது கூடுதலாக ஏமாற்றும். ஷிஃப்ட்டும் 2உம் அழுத்தினால் அங்கே மேற்கோள் குறி விழும், இங்கே சுழி விழும். கடவுச்சொல்லில் அந்த ஒரு குறி இருந்தால் போதும், நாள் முழுக்க இருந்து அடித்தாலும் திறக்காது.

இதை எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கிளிநொச்சி என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அமெரிக்க, பிரெஞ்சு, யேர்மன் அமைப்பு மூன்றிலும் சரியாகவே வரும். அதிலுள்ள ஓர் எழுத்தும் இடம் மாறுவதில்லை. பளை என்று அடியுங்கள். கை அமெரிக்க விசைப்பலகையில் இருந்து, கணினி பிரெஞ்சு அட்டவணையை வைத்திருந்தால், ஏ வரும் இரண்டு இடத்திலும் கியூ விழும். முல்லைத்தீவு என்றால் முதலெழுத்தே காற்புள்ளியாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டியபோது அவர்கள் உடனே விளங்கிக்கொண்டார்கள்; விளங்கிக்கொள்ளும் திறமையில் ஒரு குறையும் இல்லை. காட்டுவதற்கு முதலில் உள்ளே போகவேண்டும் என்பதுதான் எங்கள் கஷ்டம்.

கறுப்புத் திரைக்கே ஏன் போகிறீர்கள், படத்திரையில் மொழியை மாற்றும் பொத்தான் இருக்குமே என்று உங்களில் சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் அனுப்புபவற்றில் சில, அலுவலகங்களில் இருந்து கழித்த இயந்திரங்கள். அவற்றில் படத்திரையே நிறுவப்பட்டிருக்காது. சிலவற்றின் நினைவகம் சிறியது. படத்திரையைச் சுமந்தால் நகராது என்று லினக்ஸ் இயங்குதளத்தை வெறும் எழுத்துத் திரையோடு போட்டு விட்டிருக்கிறீர்கள். மற்றவை மின்வெட்டால் அந்த நிலைக்கு வருகின்றன. 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது உங்களுக்கும் தெரியும். இப்போது அந்த அளவு இல்லை என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதும் வருவதும் நிற்கவில்லை. அப்படி நின்ற கணினி அடுத்த முறை எழும்பும்போது வட்டில் பிழை கண்டால் படத்திரைக்குப் போகாமல் இடையில் நின்றுகொண்டு, பராமரிப்புக்காக நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த இடத்தில் மொழியை மாற்றப் பொத்தான் கிடையாது. நிருவாகியின் கடவுச்சொல்லோ உங்கள் நாட்டில் யாரோ ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தால் உடனே பிடிபடும். எங்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் தமிழ் அடிப்பவர்கள் பலரின் விரலுக்கு இன்னும் பாமினிதான் பழக்கம். அவர்களைக் கடவுச்சொல் வைக்கச் சொன்னால், மறக்காமல் இருக்கட்டும் என்று தமிழ் என்ற சொல்லையே பாமினி விரலில் அடித்துவிடுவார்கள். திரையில் எதுவும் தெரியாததால் தமிழிலேயே வைத்துவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் கணினிக்குள் போவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் என்பதன் கடைசிப் புள்ளிக்குப் பாமினியில் அந்த அரைப்புள்ளி விசைதான். அமெரிக்க அமைப்பில் இது வருடக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும். அதே விரல்கள் யேர்மன் அட்டவணை உள்ள கணினியில் அடித்தால் அரைப்புள்ளி இருந்த இடத்தில் மேலே இரண்டு புள்ளி வைத்த ஓ விழும். பிரெஞ்சு அட்டவணையில் எம் விழும். நான்கு எழுத்து சரி, கடைசிப் புள்ளி மட்டும் பிழை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தப் பிழையை யார் கண்டுபிடிப்பார்?

மறைவாக இருக்கும் வேறு சில தொல்லைகளும் உண்டு. அவற்றுக்கு நாங்களே வழி கண்டுவிட்டோம். பழைய சிறிய மடிகணினிகளில் நம் லொக் எரிந்துகொண்டிருந்தால் வலப்பக்க எழுத்துகள் இலக்கமாகிவிடும்: கே 2 ஆகும், ஐ 5 ஆகும், எல் 3 ஆகும், ஓ 6 ஆகும். மூன்று அமைப்பிலும் தப்பிய கிளிநொச்சியும் இங்கே தப்பாது. கப்ஸ் லொக் எல்லோருக்கும் தெரிந்தது. மின்னஞ்சல் பழக்கத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரியையும் அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2013க்கு முந்திய லினக்ஸ்களில் அந்த இடத்தில் சுழியை அடித்தால் அதற்கு முன் அடித்தது எல்லாம் அழிந்துவிடும். தொலைத்தட்டச்சுப் பொறிகளில் யுனிக்ஸ் ஓடிய காலத்துப் பழக்கம் அது. யாரும் கவனிக்காமல் அத்தனை வருடம் தொடர்ந்து வந்திருக்கிறது. கடலேரிப் பக்கத்து உப்புக் காற்றில் சில விசைகள் இறுகி அழுந்தியபடியே நிற்கும். இவற்றை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அழுத்தியும் எழுத்து வராத விசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு, யேர்மன் விசைப்பலகைகளில் கூரை போன்ற குறியை அழுத்தினால் ஒன்றும் வராது. அடுத்த எழுத்துக்காக அது காத்திருக்கும். பிள்ளைகள் அதைச் செத்த விசை என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த யோசனை எங்களுக்கு அந்நியமானதே அல்ல. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் போன இராமலிங்கம் முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கும்போது எடுத்துக்கொண்ட வழியும் இதுவே. அத்தனை உயிர்மெய் எழுத்துகளையும் ஒரு சின்னப் பலகைக்குள் அடக்க முடியாது. ஆகவே சில குறிகளை அழுத்தும்போது தாள் நகராமல் நிற்க, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேரும்படி நகரா விசைகளை வைத்தார். அந்தப் பொறிகளைச் செய்து கொடுத்தது யேர்மனியின் சைடல் அன்ட் நௌமன் நிறுவனம். ஊரை விட்டுப் போன ஒருவர், போன இடத்தில் இருந்துகொண்டு, தமிழ் அடிப்பவரின் விரல் எந்த இடத்துக்குப் போகும் என்று ஒவ்வொரு விசையாக யோசித்தார். உங்களிடம் நான் கேட்கப்போவது அவர் செய்ததில் மிகச் சின்ன ஒரு பங்குதான்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பும் பெட்டிகளோடு படங்கள் வருகின்றன, பதாகைகள் வருகின்றன, கையளிப்பு விழாவுக்கு நாள் கேட்டுச் செய்தி வருகிறது. அதிபர்மார் மாலையோடு நிற்கிறார்கள், பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பவும் வைக்கிறோம். அதன் கடவுச்சொல் என்ன என்று அந்த மேடையில் நின்று நான் கேட்டால் மரியாதையாக இருக்காது. பிறகு கேட்டால், அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் நிறுவியவரைக் கேட்கச் சொல்வார். நிறுவியவர் வேறு நகரத்துக்கு மாறியிருப்பார். அங்கே இரவாக இருக்கும்போது எங்களுக்குப் பகல். செய்தி போய் வருவதற்குள் தவணை முடிந்துவிடும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கொடுப்பவரின் மனமும் பெறுபவரின் தேவையும் ஒன்றாக இருக்கும்போது இடையில் இப்படி ஒரு சின்ன இடைவெளி எல்லாவற்றையும் வீணாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கடையில் கொடுத்துத் திறக்கலாமே என்பீர்கள். திறக்கலாம். கடைக்காரர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வட்டை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எதையாவது போடுவார். நீங்கள் மினக்கெட்டு ஏற்றிய பாடநூல்கள், கணிதச் செயலிகள், தமிழ் அகராதி, எல்லாம் போய்விடும். கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்தில் கொண்டுபோய்த் திரும்பும் செலவும் நேரமும் வேறு. நாங்களே கடவுச்சொல்லை மாற்றவும் வழி உண்டு: கணினி எழும்பும்போது வரும் தெரிவுப் பட்டியலில் நிறுத்தி, ஒரு வரியைத் திருத்தி, உள்ளே போகலாம். அந்தத் தெரிவுப் பட்டியலோ நீங்கள் எந்த மொழியைப் போட்டிருந்தாலும் வழமையாக அமெரிக்க அமைப்பிலேயே நிற்கும். அப்போது யேர்மன் விசைப்பலகையில் சாய்கோடு வேண்டுமென்றால் சிறுகோடு அச்சடித்த விசையை அழுத்தவேண்டும். ஒரே கணினியில், இரண்டு நிமிட இடைவெளியில், ஒரே விசைக்கு இரண்டு பொருள். எனக்கு அது பழகிவிட்டது. நான் வராத நாளில் அந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியைக்கு அது பழகத் தேவையில்லை. வட்டையே பூட்டி மறையாக்கம் செய்து அனுப்பியிருந்தால் எனக்கும் ஒரு வழியும் இல்லை. அந்த வட்டில் உள்ளது போனதுதான்.

இவ்வளவு ஏன் வலிக்கிறது என்றால், இங்கே ஒரு கணினி வாங்குவது முன்பு போல இல்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனது. தேங்காய் விற்று, நாட்கூலிக்குப் போய்ப் பிள்ளை படிப்பிக்கும் வீட்டில் மடிகணினி என்பது நினைத்துப் பார்க்கும் பொருளே அல்ல. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்து தங்கள் காணிக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். அவர்கள் கணினியைத் தொடும் ஒரே இடம் எங்கள் அறை. அந்த அறையில் கிடைப்பது கிழமைக்கு ஓரிரு பாடவேளை. அதை ஒரு கறுப்புத் திரையில் பிழையான விசையைத் தேடுவதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் இந்த வலி தெரியாதவர்கள் அல்ல. பொருளாதாரத் தடையில் பற்றறி கூட வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, றேடியோவில் செய்தி கேட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர். எந்த வயரை எதில் தொடுக்கவேண்டும் என்று அப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததால்தான் அந்த றேடியோ பாடியது. இப்போது பொருள் வருகிறது. சொல்லிக்கொடுப்பது மட்டும் கூட வரவில்லை.

ஆகவே உரிமையோடு கேட்கிறேன். பொதி கட்டுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

கணினியைப் போடுங்கள். படத்திரை வந்தாலும் அதோடு திருப்திப்படாமல் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நான் மேலே சொன்ன கறுப்புத் திரை உங்களுக்கும் வரும். அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து நீங்களே ஒருமுறை உள்ளே போங்கள். உங்களால் போக முடியாவிட்டால் எங்களாலும் முடியாது. போக முடிந்தால், விசைப்பலகை அமைப்பை அமெரிக்க அமைப்புக்கு மாற்றுங்கள். 'லோட்கீஸ் யூஎஸ்' என்ற கட்டளை அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றும். கணினியை நிறுத்திப் போட்டால் பழையபடி வந்துவிடும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் விசைப்பலகை அமைப்புக் கோப்பிலேயே மாற்றிவிட்டால்தான் நிலைக்கும். மாற்றியபின் ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். இந்த நிறுத்திப் போட்டுப் பார்ப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அமைப்பை மாற்றினால் விசையில் அச்சடித்த எழுத்தும் வரும் எழுத்தும் பொருந்தாதே என்று கேட்பீர்கள். பொருந்தாதுதான். அதனால் முடிந்தவர்கள் ஒவ்வொரு கணினியோடும் அமெரிக்க அமைப்பு யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றையும் வையுங்கள். அல்லது அதற்கான காசை அனுப்புங்கள், இங்கே கடையில் நாங்கள் வாங்குவோம். கணினி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். பிள்ளை எங்கள் அறையில் பழகும் விசைப்பலகையும், நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் பார்க்கும் விசைப்பலகையும் ஒன்றாக இருக்கவேண்டும். பிரெஞ்சு அமைப்பில் விரல் பழகிய பிள்ளை கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் போய் இருந்தால் முதல் நாளே தடுமாறும்.

தமிழையும் சேர்த்து அனுப்புங்கள், மிகவும் தேவை. இலங்கைக்கு 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற நியமத்தில் ரெங்கநாதன் விசைப்பலகை வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1999இலிருந்து தமிழ்99. இரண்டும் லினக்ஸில் கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு முதலாவது வேண்டும். இரண்டாவதும் இருந்தால் நல்லது. ஆனால் விசைப்பலகைப் பட்டியலில் தமிழை முதலாவதாகப் போட்டுவிடாதீர்கள். முதலாவதாகப் போட்டால், உள்ளே போகும் திரையில் பயனர் பெயர் கேட்கும் இடத்திலேயே தமிழ் எழுத்து விழும். கடவுச்சொல்லிலும் அதே எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் விழும். கறுப்புத் திரையிலோ தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியவே மாட்டா. வெறும் கட்டங்களாக நிற்கும். ஆங்கிலம் முதலில், தமிழ் அடுத்ததாக. தமிழ் மேல் பற்று உள்ள ஒருவர் ஆசையோடு தமிழை முதலில் வைத்து அனுப்பிய கணினிக்குள் நாங்கள் போக முடியாமல் நின்றிருக்கிறோம். அவருடைய ஆசை நிறைவேறவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு விண்ணப்பம். நாங்கள் உள்ளே போய் மாற்றும்வரைக்கும் தற்காலிகமாக ஒன்று வையுங்கள். அதில் ஏ, எம், கியூ, டபிள்யூ, வை, இசட் ஆகிய ஆறு எழுத்துகளும் வேண்டாம். இலக்கமும் குறியும் பெரிய எழுத்தும் வேண்டாம். மிச்சம் இருக்கும் 20 எழுத்துகளும் அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சு, யேர்மன் அமைப்புகளில் ஒரே இடத்தில் இருப்பவை. பாதுகாப்புக் குறையுமே என்று கவலைப்படாதீர்கள். நீளமாக வையுங்கள், முதல் நாளே நாங்கள் மாற்றிவிடுவோம். வட்டுக்குப் போட்ட பூட்டையும், கணினி எழும்ப முதல் கேட்கும் கடவுச்சொல்லையும் எடுத்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் இருந்தால் முதலே அழித்துவிடுங்கள். அவற்றைக் காப்பதற்காகப் பூட்டைப் போட்டபடி அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு தாள். தமிழில், கையெழுத்திலேயே போதும். எந்த நாட்டு விசைப்பலகை, கணினிக்குள் இப்போது எந்த அமைப்பு, பயனர் பெயர் என்ன, நிருவாகிக்குத் தனிக் கடவுச்சொல் உண்டா, என்ன லினக்ஸ், யார் நிறுவியது, அவரை எந்த நேரம் பிடிக்கலாம். இதை மடித்துப் பெட்டிக்குள் போட்டால் சுங்கத்திலோ இறக்கும் இடத்திலோ விழுந்துவிடும். மடிகணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதாமல் ஆசிரியருக்கு வேறாகச் செய்தியில் அனுப்புங்கள்.

உங்கள் பிள்ளைகளில் பலர் அங்கே கணினித்துறையில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். ஊருக்கு என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்பதாகச் சொல்கிறீர்கள். இதைச் செய்யச் சொல்லுங்கள். காசு தேவையில்லை. தமிழ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், திரையில் இருப்பதும் ஆங்கிலம்தான். ஒரு பெரியம்மாவின் மகனும் சித்தியின் மகளும் ஒரே கறுப்புத் திரையைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரு வழியை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாது, பயனர் பெயர் தெரியும். ஆகவே பயனர் பெயர் கேட்கும் இடத்தில் மேல் வரிசை எழுத்துகளை இடமிருந்து வலமாக அடித்துப் பார்த்தால் எந்த நாட்டு அட்டவணை என்று பிடிபடும். முதல் எழுத்து ஏ என்றால் பிரெஞ்சு. ஆறாவது எழுத்து இசட் என்றால் யேர்மன். பார்த்தபின் என்டர் அழுத்தாமல் அழித்துவிடவேண்டும். ஏனென்றால் பிழையாக அடித்த பெயரும் பதிவேட்டில் ஏறக்கூடும். அந்த இடத்தில் கடவுச்சொல்லையே அடித்துப் பார்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஏற்கெனவே வந்து அலுமாரிக்குள் இருக்கும் கணினிகளுக்கும் ஒரு வழி செய்யவேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள தொடர் இலக்கத்தையும், ஆளி போட்டவுடன் திரையில் வரும் இயந்திரப் பெயரையும் எழுதிச் சங்கங்களின் தலைவர்களுக்கு அனுப்புகிறோம். அந்தப் பட்டியலை உங்கள் குழுவில் போடுங்கள். தன்னுடையது என்று கண்டவர் மூன்று விடயம் மட்டும் எழுதட்டும்: பயனர் பெயர், கடவுச்சொல், எந்த நாட்டு விசைப்பலகையில் அந்தக் கடவுச்சொல் வைக்கப்பட்டது. மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்றே எழுதுங்கள். அதை அழித்துப் புதிதாகப் போடத் தொடங்குவோம். பதிலே வராமல் இருப்பதுதான் எங்களைக் கட்டிப்போடுகிறது: உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் அழிக்க எங்களுக்குக் கை வராது. அடுத்த தவணை தொடங்கும் முன் பதில் கிடைத்தால், தரம் 10 பிள்ளைகளின் முதலாவது செய்முறைப் பாடத்துக்கு அவற்றை மேசையில் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
பளையிலிருந்து உங்கள் கணினி ஆசிரியர்